11ஆம் நாள் நின்றுபோன பிளம் வைன்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 செப்ரெம்பர் 29, வியாழக்கிழமை இரவு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலவறைக்கு இறங்கினேன். முந்தின நாள்வரை எயார்லொக்கில் கேட்டுக்கொண்டிருந்த ‘புளுக், புளுக்’ சத்தம் இல்லை. எயார்லொக் என்பது குடுவையின் வாயில் பொருத்தும் சின்ன நீர்ப்பூட்டு. உள்ளேயிருக்கும் வாயு தண்ணீருக்கூடாகக் குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. அதில் தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது.

சரி, முடிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சனிக்கிழமை போத்தலில் அடைக்கலாம் என்று வெறும் போத்தல்களையும் எண்ணி வைத்தேன். அப்படிச் செய்யாமல் தடுத்தது என் மாமா, மனைவியின் தகப்பன். வடமராட்சியில் பனங்காணி வைத்திருந்தவர். சீவல் தொழிலாளர்கள் காலையில் இறக்கும் கள்ளைப் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்து வளர்ந்தவர். ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“தம்பி, உது இன்னும் முடியேல்லை. நாக்கிலை சீனி நிக்குது. நல்ல மணமும் இல்லை.”

ஹைட்ரோமீற்றரை இறக்கிப் பார்த்தேன். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி அது. சீனி தீரத் தீர எண் 1.000 அளவுக்கு இறங்கும். 1.028. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அதே எண். நொதிப்பு முடியவில்லை, பாதி வழியில் நின்றுவிட்டது. வீட்டில் பழவைன் செய்கிற எல்லோருக்கும் ஒரு நாள் இது நடக்கும். பலர் ‘பழுதாய்ப் போச்சு’ என்று ஊற்றிவிடுகிறார்கள். சிலர் முடிந்ததென்று நம்பிப் போத்தலில் அடைத்துவிடுகிறார்கள், அது ஊற்றுவதைவிட மோசம். இந்த ஒரு தொகுதிக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படி மீட்டேன் என்பதை என் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எதைப் போட்டேன்

பழம், பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசப் பெரியவரின் மரத்தில் காய்த்தது. ஊரில் கடையில் ‘பிளம்ஸ்’ என்று கேட்டால் முந்திரிகை வற்றலை, அதாவது உலர்ந்த திராட்சையைத் தருவார்கள். நான் சொல்வது அதுவல்ல. நீள்வட்டமாய், கருநீலத் தோலில் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும் உண்மையான பிளம் பழம். ரொறன்ரோவில் பழைய ஐரோப்பியக் குடும்பங்கள் வாழும் தெருக்களில் வீட்டுப் பின்வளவு தவறாமல் ஒரு மரம் நிற்கும். ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பரிலும் பழுத்து, பொறுக்க ஆளில்லாமல் நிலத்தில் கொட்டுண்டு கிடக்கும்.

கொட்டை நீக்கியபின் பழம் 9 கிலோ. கொட்டையை நீக்குவது சலிப்பான வேலைதான், ஆனால் அதைத் தவிர்க்கக்கூடாது. உடைந்த பிளம் கொட்டையின் பருப்பிலிருந்து சயனைட் வெளிவரும். இடித்துக் கூழாக்கும்போது கொட்டையும் சேர்ந்து நொறுங்கினால் வினை. அதோடு வைனுக்கு உடம்பு கொடுக்க முந்திரிகை வற்றல் 1 கிலோ, சீனி 2.8 கிலோ, கொதித்தாறிய தண்ணீர் 6 லீற்றர். எல்லாம் சேர்ந்து 17 லீற்றரளவு பழக்குழம்பு, பெரிய மூடிவாளியில்.

செப்ரெம்பர் 17 சனிக்கிழமை, 4.5 லீற்றருக்கு ஒன்று என்ற கணக்கில் நாலு காம்டன் மாத்திரைகளைப் பொடித்துப் போட்டேன். பழத்தோலில் ஒட்டிவரும் காட்டு நுண்ணுயிர்களை அடக்க உதவும் சல்பைற் மாத்திரை அது. பழங்கள் கெடாமல் காக்க இங்கிலாந்தின் காம்டன் என்ற ஊரில் உருவான கலவையின் பெயர்தான் இன்றும் நிற்கிறது. பன்னிரண்டு மணி நேரம் விட்டு, பெக்ரின் நொதியம். பிளம் பழத்தில் பெக்ரின் என்ற பசைப்பொருள் அதிகம். அதை உடைக்காவிட்டால் சாறும் ஒழுங்காக வராது, வைனும் கடைசிவரை கலங்கியே நிற்கும். மதுசாரம் (அல்கஹோல்) உண்டான பிறகு இந்த நொதியத்துக்கு வேகம் குறைந்துவிடும், அதனால் முன்னாலேயே போட வேண்டும். ஞாயிறு காலை, சாற்றை வடித்து ஹைட்ரோமீற்றர் பார்த்தேன்: 1.090. ‘12 சதவீதம் வரும்’ என்று புத்தகத்தில் எழுதினேன். பின்னர் சிவப்பு வைனுக்கென்று விற்கும் மதுவம் (ஈஸ்ற்) ஒரு பொட்டலம் தூவினேன்.

அன்று நான் எழுதிய அந்த 1.090 தான் இந்தக் கதையின் முதல் பிழை. அது எனக்கு விளங்க இரண்டு கிழமை எடுத்தது.

நடந்த விதம்

இரண்டாம் நாளே நன்றாகப் பொங்கியது. பழச்சக்கை மேலே எழும்பித் தடித்த தொப்பிபோல் நிற்க, காலையும் மாலையும் மரக்கரண்டியால் அமுக்கிவிட்டேன். மூன்றாம் நாள் குழம்பின் சூடு 25 பாகை செல்சியஸ். ஐந்தாம் நாள் காலை மூடியைத் திறந்தபோது மெல்லிய கூழ்முட்டை நாற்றம். குறிப்புப் புத்தகத்தில் ‘சிறிது மணம்’ என்று இரண்டு சொல் எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டாம் பிழை.

ஏழாம் நாள், 25ஆம் திகதி, துணியில் பிழிந்து சக்கையை நீக்கினேன். 1.044. பதினாலரை லீற்றர் கிடைத்தது. 11 லீற்றர்க் குடுவை ஒன்றிலும் சின்னச் சாடி ஒன்றிலும் ஊற்றி எயார்லொக் போட்டேன். குடுவையை நிலவறையின் சீமெந்துத் தரையில் வைத்தேன். வெளியே இரவுக் குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது, வீட்டுச் சூடேற்றியை இன்னும் போடவில்லை. 29ஆம் திகதி இரவு குடுவையில் ஒட்டிய வெப்பமானி காட்டியது 16 பாகை.

இந்த இடத்தில் போத்தலில் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். மூடிய போத்தலுக்குள் லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதித்தால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் உண்டாகும். ஷாம்பெய்ன் செய்பவர்கள் இரண்டாம் நொதிப்புக்குப் போடும் சீனி லீற்றருக்கு 24 கிராம், கிடைப்பது 6 வளிமண்டலம். அதைத் தாங்கத்தான் அந்தப் போத்தல் அவ்வளவு தடிப்பு. என் குடுவையில் மிச்சமிருந்த சீனி லீற்றருக்கு 60 கிராமுக்கு மேல். குளிரில் உறங்கிக் கிடக்கும் மதுவம் வசந்தத்தில் சூடு கண்டதும் எழும்பும். சாதாரண வைன் போத்தல் 15 வளிமண்டலத்தைத் தாங்காது. ஒன்றில் தக்கை பறக்கும், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். அந்த நிலவறையில்தான் என் பிள்ளைகள் விளையாடுவார்கள். எயார்லொக்கின் சத்தத்தை வைத்து ஒருபோதும் முடிவெடுக்கக் கூடாது என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். குமிழி நின்றால் மூடி சரியாக இறுகாமல் வாயு வேறு வழியால் போகலாம், குளிர்ந்திருக்கலாம், மதுவம் களைத்திருக்கலாம். ஹைட்ரோமீற்றர் மட்டும்தான் சாட்சி.

ஏன் நின்றது

மாமாவுக்கு இது புதிராகவே இருந்தது. “கள்ளு காலமை இறக்கினா மத்தியானத்துக்கிடையிலை பொங்கி முடிஞ்சிடும். பின்னேரம் புளிச்சிடும். உது ஏன் இப்பிடிக் கிடந்து இழுபடுது?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் எனக்குப் பாதி விளங்கியது.

பனையின் பாளையிலிருந்து வரும் சாற்றில் சுமார் 12 சதவீதம் சீனி. அதில் ஐந்து சதவீதமளவு மதுசாரம் வந்ததுமே கள்ளு குடிக்கப்படுகிறது, யாரும் கடைசிச் சீனிவரை காத்திருப்பதில்லை. சாறு மரத்திலிருந்து நேரே வருவதால் மதுவத்துக்கு வேண்டிய நைதரசன் சத்தும் கூடவே வருகிறது. முட்டியின் உட்பக்கத்தில் பழைய மண்டி ஒட்டியிருக்கும். சுண்ணாம்பு தடவாத முட்டியில் சாறு விழுந்த கணமே, ஏற்கெனவே அதே சாற்றில் வாழ்ந்து பழகிய மதுவம் வேலையைத் தொடங்கிவிடும். வெயில் வேறு.

என் வாளியில் இதில் எதுவும் இல்லை. ஆறு லீற்றர் தண்ணீரிலும் 2.8 கிலோ சீனியிலும் நைதரசன் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. பழத்தில் கொஞ்சம் இருந்ததை 17 லீற்றருக்குப் பங்கிட்டு மெலிதாக்கிவிட்டேன். மதுவத்துக்கு வெறுஞ்சோற்றைக் குவித்துவிட்டுக் கறியைக் காட்டாமல் விட்டதுபோல. ஐந்தாம் நாள் வந்த கூழ்முட்டை நாற்றம் அதன் முறைப்பாடுதான். நைதரசன் போதாதபோது மதுவத்தின் உள்ளே கந்தகம் புரதமாக மாற வழியில்லாமல் ஐதரசன் சல்பைட்டாக வெளியேறுகிறது. மணம் வந்த அன்றே சத்துக் கொடுத்திருந்தால் மிச்ச வழியை அது சுகமாக நடந்திருக்கும்.

குளிர் இரண்டாவது காரணம். நான் வாங்கிய மதுவம் 20 பாகைக்கு மேல் நன்றாக வேலை செய்வது. பிழிந்து கண்ணாடிக்கு மாற்றியதும் சக்கையின் சூடும் போயிற்று, சீமெந்துத் தரை மிச்சத்தையும் உறிஞ்சிவிட்டது.

இவை இரண்டோடு கணக்கு முடிந்ததென்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்று இடித்தது. 1.090-இலிருந்து 1.028 என்றால் 8 சதவீத மதுசாரம்தான். பசியும் குளிரும் இருந்தாலும் 8 சதவீதத்தில் ஒரு வைன் மதுவம் இப்படிப் படுத்துவிடுமா? நாக்கும் வேறு சொன்னது. அந்த வைன் தொண்டையில் இறங்கும்போது இருந்த சூடு 8 சதவீதத்தின் சூடு அல்ல.

ஞாயிறு இரவு சாப்பாட்டு மேசையில் போட்ட பொருள்களின் நிறையை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். சீனி 2.8 கிலோ. முந்திரிகை வற்றலில் பத்தில் ஆறு பங்கு சீனி, ஆக 0.6 கிலோ. பிளம் பழத்தில் பத்தில் ஒரு பங்கு, 0.9 கிலோ. மொத்தம் 4.3 கிலோ, 17 லீற்றரில். லீற்றருக்கு 250 கிராமுக்கு மேல். 17 கிராம் சீனிக்கு ஒரு சதவீத மதுசாரம் என்பது வீட்டு வைன்காரரின் வாய்ப்பாடு. வகுத்தால் கிட்டத்தட்ட 15 சதவீதம்!

ஹைட்ரோமீற்றர் பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டிருக்கிறேன். தொடக்க நாளில் அது பார்த்தது வடித்தெடுத்த சாற்றை மட்டும். முந்திரிகை வற்றல்கள் அப்போது முழுசு முழுசாக ஊறிக்கொண்டிருந்தன, அவற்றின் சீனி உள்ளேயே இருந்தது. பிளம் சதையும் பாதிதான் கரைந்திருந்தது. அடுத்த நாலைந்து நாளில் அந்தச் சீனி எல்லாம் மெதுவாக இறங்கியது, மதுவம் அதைத் தின்றது, என் புத்தகத்தில் அதற்குப் பதிவே இல்லை. உண்மையான தொடக்க எண் 1.108 அளவில் இருந்திருக்க வேண்டும். 29ஆம் திகதி குடுவையில் இருந்தது 8 அல்ல, 11 சதவீத மதுசாரம். பட்டினியோடு, 16 பாகைக் குளிரில், 11 சதவீத மதுசாரத்துக்குள் நின்றுகொண்டு இன்னும் 4 சதவீதம் செய் என்று அந்த மதுவத்திடம் கேட்டிருக்கிறேன்.

சாறாகப் பிழிந்து நொதிக்கவிடும் வைனுக்கு முதல்நாள் அளவு போதும். பழத்தை முழுசாகப் போட்டு, அதிலும் வற்றல் சேர்த்துச் செய்யும் வைனுக்கு அது போதாது. செய்முறைகள் பல ‘முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகின்றன. தராசை நம்புங்கள் என்று நான் சொல்வேன்.

ஐந்து போத்தல்கள்

காரணம் மூன்று இருக்கும்போது மருந்து எது? முழுக்குடுவையில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சின்னச் சாடியிலிருந்து எடுத்து ஐந்து அரைலீற்றர் போத்தல்களில் ஊற்றினேன், ஒவ்வொன்றின் வாயிலும் ஊசியால் துளையிட்ட பலூன். ஒன்றை நிலவறையிலேயே விட்டேன். மற்ற நாலையும் சமையலறையில் 23 பாகையில் வைத்தேன்: ஒன்றுக்கு வெறும் சூடு மட்டும். ஒன்றுக்குச் சூடும் மதுவச் சத்தும். ஒன்றில் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னபடி புது மதுவத்தை உலர்ந்தபடியே தூவினேன். கடைசிப் போத்தலுக்கு, அந்த வைனையே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிப் பழக்கப்படுத்திய மதுவம்.

முதல் நாள் சூட்டில் வைத்த நாலு பலூனும் எழும்பின. எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் அது கரைந்திருந்த வாயு. குளிர்ந்த திரவத்தில் அதிக கரியமிலவாயு தங்கும், சூடேறினால் வெளியே வரும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மூன்று பலூன் தொங்கிவிட்டன.

நாலாம் நாள் எண்கள்: நிலவறைப் போத்தல் 1.028. வெறும் சூடு 1.027. சத்துப் போட்டது 1.027. உலர்ந்த மதுவம் தூவியது 1.026. பழக்கப்படுத்தியது 1.015.

சத்துப் போட்ட போத்தல் அசையாதது எனக்குப் பெரிய பாடம். நான் போட்டது டை அமோனியம் பொஸ்பேற். வயலுக்கு வீசும் டிஏபி உரத்தில் இருக்கும் அதே உப்பு, ஆனால் வைன் சாமான் கடையில் உணவுத்தரத்தில் வாங்கியது. உரப்பையிலிருந்து யாரும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மதுசாரம் 9, 10 சதவீதம் தாண்டிய பிறகு மதுவத்தின் தோல் அமோனியத்தை உள்ளே விடுவதில்லை. சத்துக் கொடுக்க வேண்டியது தொடக்கத்தில், சீனியின் மூன்றிலொரு பங்கு தீர்வதற்குள். களைத்து விழுந்தவனின் வாயில் சோற்றைத் திணிப்பதில் பயனில்லை.

உலர்ந்த மதுவம் ஏன் தோற்றது? உலர்ந்த மணிகள் தண்ணீரில் ஊறி உயிர்பெறும் முதல் சில நிமிடங்களில் அவற்றின் தோல் மிக மெலிது. அந்த நேரத்தில் 11 சதவீத மதுசாரத்துக்குள் விழுந்தால் பெரும்பாலானவை செத்துவிடும்.

மாமா இந்தப் போத்தல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டது: “பழைய மண்டி கொஞ்சம் விட்டனீங்களோ, தம்பி?” என் குடுவையின் மண்டி களைத்த மண்டி, அதால் பயன் இல்லை என்றேன். ஆனால் அவர் சொன்னதன் உட்பொருள் சரி. வெற்றிபெற்ற ஐந்தாம் போத்தலில் நான் செய்தது, அந்த வைனுக்குப் பழகிய புது மண்டியை உண்டாக்கியதுதான்.

நாற்றம்

இதற்கிடையில் முட்டை நாற்றத்துக்கு ஒரு வழி பார்க்க வேண்டியிருந்தது. ஐதரசன் சல்பைட் அப்படியே கிடந்தால் காலப்போக்கில் மேர்க்கப்ரான்களாக, பிறகு டைசல்பைட்டுகளாக மாறும். அந்த வெங்காய, எரிந்த றப்பர் மணத்தை வீட்டில் நீக்குவது மிகக் கடினம். எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று அறியச் செப்பு உதவும்.

கனடாவின் ஒருசத நாணயத்தை 2013இல் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 1996 வரை அடித்த சதங்களில் 98 சதவீதம் செப்பு, அதற்குப் பிறகு வந்தவை செப்புப் பூச்சு மட்டுமே. மேசை லாச்சியில் 1991ஆம் ஆண்டுச் சதம் ஒன்று கிடைத்தது. தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், புதுக் குத்துவிளக்குபோல் மினுங்கியது. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் கொஞ்சம் வைன். ஒன்றில் சதத்தைப் போட்டுச் சுழற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் அந்தக் குவளையில் முட்டை மணம் இல்லை! முதன்முறையாகப் பிளம் மணத்தது, தோலும் சதையுமாக. மற்றக் குவளையில் அதே நாற்றம். சதத்தை எடுத்துப் பார்த்தால் மினுக்கம் போய்க் கறுப்புப் படலம். அப்பாடா, டைசல்பைட் கட்டத்துக்கு இன்னும் போகவில்லை. செப்புக் கிடந்த வைனை ஊற்றிவிட்டேன், அதைக் குடிக்கக் கூடாது.

முழுத் தொகுதிக்குச் செப்பு போடவில்லை. ஒக்ரோபர் 6ஆம் திகதி குழாயால் உறிஞ்சி, மேலிருந்து வாளியின் பக்கச்சுவரில் தெறிக்கத் தெறிக்க விழவிட்டு மாற்றினேன். முடிந்த வைனுக்கு இப்படிச் செய்தால் காற்றுப் பட்டுக் கெடும். நின்றுபோன வைனுக்கு இது நன்மை: வாயு வெளியேறும், வரப்போகும் மதுவத்துக்குக் கொஞ்சம் ஒட்சிசனும் கிடைக்கும். நாற்றத்தில் முக்கால்வாசி அன்றே போயிற்று, மீதி மறு நொதிப்பில் வாயுவோடு போனது.

மீட்டது

அதே நாள் குடுவையில் லீற்றருக்குக் கால் கிராம் மதுவக்கோது கலந்தேன். செத்த மதுவத்தின் வெறும் தோல் அது. நொதிப்பு நின்ற வைனில் சேரும் சில கொழுப்பமிலங்கள் புது மதுவத்துக்கு நஞ்சுபோல் வேலை செய்யும், கோது அவற்றை ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாளில் அடியில் படிந்ததை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் மாற்றினேன்.

8ஆம் திகதி சனிக்கிழமை காலை, 18 சதவீதம்வரை தாங்கும் ஈ.சி. 1118 மதுவம் 5 கிராமை, 40 பாகைச் சுடுதண்ணீர் 50 மில்லிலீற்றரில் இருபது நிமிடம் ஊறவிட்டேன். மேலே பால் நுரைபோல் பொங்கியது. பிறகு 50 மில்லிலீற்றர் வைன், அதே அளவு தண்ணீர், ஒரு தேக்கரண்டி சீனி, சிட்டிகை சத்து. மத்தியானம் நன்றாகக் குமிழியிட்டதும் அதே அளவு வைன். இரவு மறுபடி இரட்டிப்பு. ஞாயிறு காலை, மத்தியானம், இரவு என்று ஒவ்வொரு தடவையும் குமிழியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. திங்கள் நன்றியறிதல் நாள், வேலை விடுமுறை. அன்று பின்னேரம் மூன்று லீற்றர் வைன் உற்சாகமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த மூன்று லீற்றரோடு மிச்ச வைனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். மதுவத்தைக் கொண்டுபோய் வைனில் கொட்டக் கூடாது, வைனைக் கொண்டுவந்து மதுவத்துக்கு ஊட்ட வேண்டும்.

குடுவையைத் தரையிலிருந்து தூக்கி, நுரைப்பலகையின்மேல் வைத்து, பழைய கம்பளியால் சுற்றினேன். 22 பாகை. 26ஆம் திகதி 1.002. அடுத்த மூன்று நாளும் 1.002. திராட்சை வைன்போல 0.992க்கு இறங்கவில்லையே என்று பார்க்க வேண்டாம். பிளம் பழத்தில் சோபிற்றோல் என்ற இனிப்புண்டு, மதுவம் அதைத் தொடாது. அது எண்ணைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்கும்.

பிறகு செய்தவை வழக்கமானவை: சல்பைற், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மண்டி நீக்கல், பெப்ரவரியில் பென்ரனைற் களிமண்ணால் தெளியவைத்தது. 2023 யூனில் 16 போத்தல்.

இரண்டு பயங்கள்

இந்த வைனைக் கொடுத்தபோது மாமி கேட்டது, “இதிலை மெதனோல் இருக்காதோ?” என்று. 2024 யூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்த செய்திக்குப் பிறகு இன்னும் பலர் கேட்டார்கள். நியாயமான பயம். அந்த ஏழைகளைக் கொன்றது சாராயத்தில் கலக்கப்பட்ட மெதனோல். பழத்தை நொதிக்கவைக்கும்போது பெக்ரின் உடைவதால் சிறிதளவு மெதனோல் உண்டாவது உண்மைதான். பழச்சாற்றிலும் கொஞ்சம் உண்டு. நொதித்த வைனில் அந்த அளவு ஆபத்தானதல்ல. ஆனால் வைனை வீட்டில் காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு விசயம், இங்கே அது சட்டப்படி குற்றமும்கூட.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் வைன் செய்யலாம், உரிமம் இல்லாமல் விற்க முடியாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வீட்டில் செய்வதற்கு இடமில்லை. இலங்கையில் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் உரிமம் கேட்கிறது. அங்கே இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு வாளியைத் தேட வேண்டாம்.

அடுத்த வருடம்

2023 செப்ரெம்பரில் அதே மரத்துப் பழம், அதே 9 கிலோ. முந்திரிகை வற்றலை அரைத்துப் போட்டேன், அதுவும் அரைக்கிலோ மட்டும். சீனியைத் தராசின் கணக்குப்படி 2.2 கிலோவாகக் குறைத்தேன். முதல் நாள் அளந்ததோடு, மூன்றாம் நாள் நிறைக் கணக்கையும் ஹைட்ரோமீற்றரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சத்தை இரண்டாகப் பிரித்து, பொங்கத் தொடங்கிய அடுத்த நாள் ஒரு பங்கும், சீனி மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும் மறு பங்கும். வாளி மேல்மாடிக் குளியலறையில் இருந்தது. நாற்றம் வரவே இல்லை. ஒவ்வொரு நாள் காலையும் மாமா மூடியைத் திறந்து மணந்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார். 13ஆம் நாள் 1.001.